பின்தங்கிய நாற்றுக்கு எத்தனை நாள் தரலாம்?
ராட்சதப் பூசணி வளர்ப்பில் பொறுமை பற்றிய ஓர் ஆய்வு

2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் தராசில் ஏற்றிய ஒரு பூசணிக்காய் 1,278.8 கிலோ எடை காட்டி உலகச் சாதனை படைத்தது. அதை வளர்த்தவர்கள் லிமிங்டன் ஊரைச் சேர்ந்த இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள். இளம் வயதில் கையில் எடுத்த இந்த வேலையை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் விடாமல் செய்துவந்தவர்கள். ஒரு டன்னைத் தாண்டிய அந்தக் காய், அதே ஆண்டு வசந்தத்தில் ஓர் அங்குல நீளமுள்ள விதையாக இருந்தது.

விதைக்கும் தராசுக்கும் இடையே சுமார் ஆறு மாதம். அதில் முதல் மாதம் கண்ணுக்கு எதையும் காட்டாமலே கழிகிறது. இரண்டு தடித்த விதையிலை, நடுவே சிறு குருத்து, நாலைந்து நாள் பார்த்தாலும் அப்படியே நிற்கும் ஒரு நாற்று. பக்கத்துத் தொட்டியில் அதே நாளில் போட்ட விதை இரண்டாம் இலை விட்டிருக்க, இது மட்டும் முதல் இலையையே விரிக்காமல் இருந்தால் வளர்ப்பவருக்கு இருப்புக்கொள்ளாது. பிடுங்கிவிட்டு வேறு விதை போடலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா? ராட்சதப் பூசணி வளர்ப்போர் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் சந்திக்கும் கேள்வி இது. பொறுமை நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதில் பயனில்லை. எந்தத் தாமதத்தைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது, எத்தனை நாள் என்பவற்றைத் தனித்தனியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூற்றாண்டுக் காத்திருப்பு

இங்கே பேசப்படுவது மஞ்சள் பூசணியின் இனம். தாவரவியலில் குக்குர்பிட்டா மேக்சிமா. தென் அமெரிக்காவில் தோன்றியது. இதன் காட்டு மூதாதை இன்றும் அர்ஜென்டினா பகுதியில் கையடக்கமான கசப்புக் காய்களைக் காய்க்கிறது. கையடக்கக் காய் டன் கணக்குக்கு வந்த வரலாறே பொறுமையின் வரலாறுதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கோடரிச் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் 400 பவுண்டு காயை வைத்தார். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அதை 403 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 183 கிலோவாக, உயர்த்தினார். அந்த எடையை மிஞ்ச 1976 வரை ஆனது. அடுத்து நோவா ஸ்கோஷியா மாகாணத்து வின்ட்சரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி, பல ஆண்டுகள் காய்களைத் தேர்ந்தெடுத்து, கலப்புச் செய்து ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்ற ரகத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் போட்டியில் வென்றார். 1981இல் அவர் காய் 493.5 பவுண்டு. இன்று போட்டிக்கு வரும் ராட்சதக் காய்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ரகத்தின் வழித்தோன்றல்கள்.

அதன்பின் வேகம் கூடியது. 1996இல் 1,000 பவுண்டு எல்லை உடைந்தது. 2012இல் அமெரிக்காவின் ரான் வாலஸ் 2,009 பவுண்டு காயைக் கொண்டுவந்தார். 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில் 1,054 கிலோ காட்டினார். 2021இல் இத்தாலியின் ஸ்டெபனோ குட்ருப்பி 1,226 கிலோவையும், 2023இல் மினசோட்டாவின் டிராவிஸ் கீங்கர் 1,247 கிலோவையும் தொட்டனர்.

இவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வசந்தம் தாமதமாக வந்து, உறைபனி சீக்கிரம் திரும்பும் மண்ணில், இயல்பாகவே மெதுவாகத் தொடங்கும் நாற்றை வைத்துக்கொண்டுதான் இந்த எடைகளை எட்டினார்கள்.

மண்ணுக்குள் நடக்கும் வேலை

நாற்று நின்றுவிட்டதாகத் தோன்றும் நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது? விதை முளைத்ததும் முதலில் வெளிவருவது முளைவேர். தண்டு நிமிர்வதற்கு முன்பே வேர் கீழ்நோக்கி இறங்கித் தண்ணீரைத் தேடிக்கொள்கிறது. முதல் உண்மையான இலை விரியும்போது பக்கவேர்கள் தொட்டியின் சுவரைத் தொட்டிருக்கும். மேலே ஓர் இலைகூட முழுமையாக இல்லாத செடிக்குக் கீழே ஒரு வேர்ப்பின்னல் உருவாகிவிடுகிறது.

இரண்டாவது வேலை விதையிலைகளில் நடக்கிறது. பூசணி விதையின் உணவுச் சேமிப்பு பெரும்பாலும் எண்ணெயும் புரதமும். முளைக்கும்போது அந்த எண்ணெய் சர்க்கரையாக மாற்றப்பட்டு வேருக்கும் குருத்துக்கும் போகிறது. விதையிலை வெளிச்சத்துக்கு வந்து பச்சையானதும், கிடங்காக இருந்த அதே உறுப்பு உணவு தயாரிக்கும் உறுப்பாக மாறுகிறது. உயிரணுவுக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைப் படிக்கத் தாவர உயிரியலாளர்கள் நீண்டகாலமாகப் பூசணி விதையிலையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பழைய இருப்பு குறைந்து புதிய வரவு கூடும் இந்த இடைவேளையில்தான் நாற்று அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது.

மூன்றாவது, விதையுறையைக் கழற்றுவது. வேரும் தண்டும் சேரும் இடத்தில் பூசணி நாற்றுக்கு ஒரு சிறு குமிழ் முளைக்கிறது. அது விதையுறையின் கீழ்ப்பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மேல்நோக்கி வளையும் தண்டு விதையிலைகளை உறையிலிருந்து இழுத்துக்கொள்கிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் தாவர அசைவுகள் பற்றி 1880இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார்கள். 1998இல் விண்வெளி ஓடத்தில் அனுப்பிய வெள்ளரி விதைகளில், ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் குமிழ் இருபக்கமும் முளைத்திருந்ததைக் கண்டார்கள். பூமியில் ஈர்ப்பு விசை ஒரு பக்கக் குமிழை அடக்கி, விதையுறையைப் பிடிக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் விடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. குமிழுக்குப் பிடிமானம் கிடைக்காத விதை, குறிப்பாக மிக மேலாக அல்லது காய்ந்த மண்ணில் போட்ட விதை, உறையைத் தலையில் சுமந்தபடியே எழும்பும். விதையிலை விரிய முடியாது. அந்த நாற்று சில நாள் பின்தங்கும். இதில் நாற்றின் குறை எதுவும் இல்லை. உறையை ஈரப்படுத்தி, தானே விடும்வரை காத்திருந்தால் போதும்.

தாமதத்தின் வகைகள்

பின்தங்கிய நாற்றுகளை ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் பல தவறான முடிவுகளுக்கு வேர். காரணத்தைப் பார்த்தால் அவை மூன்று வகையாகப் பிரியும்.

முதல் வகை, சூழல் கொண்டுவரும் தாமதம். இதில் பெரும்பங்கு குளிருடையது. ராட்சதப் பூசணி விதை நன்றாக முளைக்க 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் நாலைந்து நாளில் தலைகாட்டும் விதை, 18 டிகிரியில் இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். மண் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் வேலை பெரிதும் மந்தமாகிறது; 10 டிகிரிக்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் நாற்று காயப்படுகிறது. அதனால்தான் குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் வீட்டுக்குள் வெப்பமூட்டும் விரிப்பின்மேல் விதை போடுகிறார்கள். நடும் இடத்தில் மண்ணுக்குள் வெப்பக் கம்பி புதைத்து, மேலே பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பூசணி ஒரு வாரத்துக்குள் முளைவிடுவதைப் பார்த்துப் பழகியவர்கள், டொரன்டோவிலோ லண்டனிலோ சன்னலோரத்தில் அதே வேகத்தை எதிர்பார்ப்பது இயல்பு. விதை அதேதான், மண்ணின் சூடு வேறு. வெளிச்சக் குறைவும் ஊறிப்போன மண்ணும் இதே வகையில் சேரும். சூழலைச் சரிசெய்தால் இந்தத் தாமதம் தீரும். இங்கே பொறுமைக்கு முழு இடம் உண்டு.

இரண்டாவது வகை, விதையிலேயே இருக்கும் தாமதம். வயதான விதையில் முளைக்கும் திறன் போவதற்கு முன்பே வீரியம் குறையத் தொடங்கிவிடும். முளைக்கும், ஆனால் மெதுவாக எழும். ராட்சத விதைக்குத் தடித்த உறை இருப்பதால் தண்ணீர் உள்ளே போகவே நேரமாகலாம். வளர்ப்பாளர்கள் விதையின் ஓரங்களை அரத்தால் லேசாகத் தேய்த்து, சில மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது இதற்காகத்தான். பரம்பரையின் பங்கும் உண்டு. போட்டி விதைகளுக்குத் தாய்க்காயின் எடையையும் வளர்த்தவரின் குடும்பப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பெயர் வைப்பது வழக்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே காயின் விதைகள் உடன்பிறப்புகளே, நகல்கள் அல்ல. ஒன்று வேகமாகவும் மற்றொன்று நிதானமாகவும் கிளம்புவது இயற்கை. இந்த வகைக்கு அளவான பொறுமை தரலாம்.

மூன்றாவது வகை, நோயும் சிதைவும். மண்ணை ஒட்டிய தண்டு தண்ணீர்ப்பதமாகி மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். அத்தகைய நாற்று மீளாது. அதை வைத்திருப்பது பக்கத்துத் தொட்டிகளுக்கும் ஆபத்து. சில நாற்றுகளில் விதையிலைகளுக்கு நடுவே குருத்தே இருக்காது. விதையிலைக் கக்கத்திலிருந்து புதிய குருத்து எப்போதாவது வரலாம் என்றாலும், போட்டிக் காலக்கெடுவில் அதை நம்பி இருக்க முடியாது. இலை சுருங்கி, நிறம் திட்டுத்திட்டாக மாறி, அடுத்து வரும் ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடச் சிறுத்தால் வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே காத்திருப்பது செடிக்கும் தோட்டத்துக்கும் செய்யும் கேடு.

இரு தரப்பு வாதங்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் ஊர் விவசாயி சொல்வதைத்தான் உலகெங்கும் ஒரு சாரார் சொல்கிறார்கள். இவர்கள் ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை போட்டு, இரண்டு வாரத்தில் வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் களைகிறார்கள். போட்டி நாள் நகராது; கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே எடைப்போட்டி அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நடக்கும், நாற்று தயாரோ இல்லையோ. தொடக்கத்தில் வலுவில்லாத செடி நோயையும் காற்றையும் எப்படித் தாங்கும் என்பது இவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது.

மறுசாரார் சொல்வது: நாற்றின் வேகம் வேறு, காயின் பருமன் வேறு. இவர்கள் பக்கம் ஓர் ஆய்வு வலுவாக நிற்கிறது. ஜெசிகா சாவேஜும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ராட்சத ரகங்களை அவற்றின் சிறுகாய் மூதாதை ரகத்தோடு ஒப்பிட்டார்கள். இலைப் பரப்போ இலையின் உணவு தயாரிக்கும் திறனோ கூடியதால்தான் காய் பெருத்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, சூலகத்தின் அமைப்பிலும், இலைக்காம்பிலும் காய்க்காம்பிலும் சர்க்கரையைக் கடத்தும் புளோயம் திசுவின் அளவிலும்தான் வேறுபாடு இருந்தது. நூறாண்டுத் தேர்வு மாற்றியது முக்கியமாகக் கடத்தும் பாதையையும் வாங்கிக்கொள்ளும் காயையும். இரண்டு வார நாற்றில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இலை அளவை மட்டும் பார்த்துக் களைபவர், தேட வேண்டிய குணத்தைத் தேடாமல் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஆனால் இந்த ஆய்வை நோஞ்சான் நாற்றுக்கு ஆதரவாக அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. தோட்டத்தில் வளர்ந்த செடிகளில், இலை சேர்க்கும் கரிமத்துக்கும் காயின் வளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. ஆரோக்கியமற்ற இலை நல்ல காயைத் தராது. ஆகவே கேள்வி சிறியதா பெரியதா என்பதிலிருந்து ஆரோக்கியமா இல்லையா என்பதற்கு நகர்கிறது.

நாட்கணக்கு

தாமதத்தின் விலை என்ன? இளம் செடி வட்டிக்கு வட்டிபோல வளர்கிறது; இருக்கும் இலையே அடுத்த இலைக்கு முதல். நல்ல சூட்டில் ஓர் இளம் பூசணி நாற்று தன் அளவை இரட்டிப்பாக்க ஏறத்தாழ நாலைந்து நாள் ஆகும். எனவே பக்கத்து நாற்றில் பாதி அளவே இருக்கும் நாற்று உண்மையில் நாலைந்து நாள்தான் பின்தங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பாதியாகத் தெரிவது நாட்காட்டியில் ஒரு வாரம்கூட இல்லை. அளவில் பார்க்காமல் நாளில் பார்க்கப் பழகுவது பொறுமைக்கு முதல் பயிற்சி.

இரண்டாவது, முந்திய செடியின் முன்னிலை என்றென்றும் நீடிப்பதில்லை. போட்டிக்கு வளர்ப்பவர்கள் ஒரு செடிக்கு 60 முதல் 90 சதுர மீட்டர் அளவில் இடம் ஒதுக்கி, கிளைக்கொடி எல்லையைத் தொட்டதும் நுனியை வெட்டிவிடுவார்கள். முந்திய செடி எல்லையை முதலில் தொட்டு நிற்கும். பிந்தியது சில நாளில் அதே பரப்பை நிரப்பிவிடும்.

மூன்றாவது, காயின் நாட்கணக்கு. ஏப்ரல் நடுவில் விதைத்தால், தலைக்கொடி சுமார் மூன்று மீட்டர் ஓடிய இடத்தில் ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ பெண்பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். பிஞ்சு பிடித்த மூன்றாம் வாரத்திலிருந்து காய் உச்ச வேகத்தில் பெருக்கும். சாதனைக் காய்கள் அந்நாட்களில் நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல்கூட ஏறும். செப்டம்பர் இறுதியில் அது நாளுக்குச் சில கிலோவாகச் சுருங்கிவிடும். நாற்று ஒரு வாரம் பிந்தினால் காய் இழப்பது இந்தக் கடைசி வாரத்தை. உச்ச வாரத்தை அன்று. உச்சக்கட்டம் ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும். மினசோட்டா அட்சரேகையில் அந்த ஒரு வாரத்தில் பகல் குறைவது கால் மணி நேரம் அளவுதான். அரை டன்னுக்கு மேல் எதிர்பார்க்கும் காயில் இது சிறிய இழப்பு.

மூன்று வாரத் தாமதம் வேறு கதை. அப்போது உச்சக்கட்டம் ஆகஸ்ட் நடுவுக்குப் போய், பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இழந்து, செப்டம்பரின் குளிர் இரவுகளில் முட்டிக்கொள்ளும். தாமதத்தின் விலை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுகிறது. என் கணிப்பில் ஒரு வாரம் பொறுக்கத்தக்கது. பத்து நாள் கவலைக்குரியது. மூன்று வாரம் போட்டிக்காரருக்குக் கட்டாது. வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய காய் ஒன்று வேண்டும் என்பவருக்கு மூன்று வாரமும் பெரிதில்லை.

அவசரம் செய்யும் சேதம்

மெதுவான நாற்றைச் சாகடிப்பது பெரும்பாலும் அதன் மெதுமை அல்ல. அதை விரட்ட நாம் செய்யும் வைத்தியம். நிற்கிறதே என்று தண்ணீர் ஊற்றுவது முதல் தவறு. ஊறிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. நாற்றழுகலுக்கு அதைவிட நல்ல சூழல் இல்லை. தொட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகே வெதுவெதுப்பான நீர் விட வேண்டும்.

உரம் அடுத்த தவறு. விதையிலையில் இருப்பு உள்ளவரை நாற்றுக்கு வெளி உணவு பெரிதாகத் தேவையில்லை. உரத்தின் உப்பு இளவேரின் நுனியைக் கருக்கிவிடும். கருகிய வேர் மீண்டு கிளைக்க ஒரு வாரம் போகும். பின்தங்கிய நாற்றை மேலும் பின்தள்ளும் வழி இது.

வெளியே நட்டால் வேகம் பிடிக்கும் என்று குளிர்மண்ணில் நடுவது மூன்றாவது. பூசணி இனம் வேர் கலைவதைப் பொறுக்காது. முதல் உண்மையான இலை விரிந்ததும், வேர்ப்பந்து குலையாமல், சூடேறிய மண்ணில் நட வேண்டும். தோண்டி வேர் பார்ப்பதையும், மாட்டிக்கொண்ட விதையுறையைக் காய்ந்த நிலையில் பிடித்து இழுப்பதையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். பின்னதில் குருத்தே ஒடிந்துபோன நாற்றுகள் பல.

முடிவுக்கு வரும் முறை

பொறுத்திருப்பவர் சும்மா இருப்பவர் அல்லர். அவர் அளக்கிறார். அளப்பதற்கு உயரத்தைவிட நம்பகமானது இலைகளுக்கு இடையிலான நாள். ஒவ்வொரு புதிய இலையும் விரியும் தேதியைக் குறித்துவந்தால் போதும். இடைவெளி சீராக இருந்து அல்லது குறைந்துவந்து, ஒவ்வோர் இலையும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தால், அந்த நாற்று தாமதமாகக் கிளம்பியது, அவ்வளவே. அது தன் பாதையில் போகிறது. இடைவெளி நீண்டு, இலை சிறுத்துவந்தால் உள்ளே கோளாறு. அளவு ஒன்றாக இருக்கும் இரண்டு நாற்றுகளை இந்தக் கணக்கு தெளிவாகப் பிரித்துக்காட்டும்.

இதன் அடிப்படையில் ஒரு நடைமுறையை முன்வைக்கிறேன். விதை போட்டதும் முதலில் மண்ணின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். 27 டிகிரிக்குக் கீழே கழிந்த நாட்களை நாற்றின் கணக்கில் எழுதக் கூடாது. சூடான மண்ணில் பத்து நாள் ஆகியும் தலைகாட்டாத விதைக்கு மாற்று விதை ஒன்றை ஊன்றிவிட வேண்டும். பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முளைத்த நாற்றுக்கு மூன்று வாரம் தர வேண்டும். அந்த மூன்று வாரத்தில் அழுகல், குருத்தின்மை, சிறுத்துவரும் இலை ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தால் அன்றே அகற்ற வேண்டும். மூன்றும் இல்லையென்றால், எத்தனை சிறியதாக இருந்தாலும் அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

மாற்று நாற்று ஒன்று கையில் இருப்பது பொறுமையின்மையின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகவே தெரிகிறது. வேறு வழி இருப்பவரால்தான் பதறாமல் காத்திருக்க முடியும். ஒரே விதையை நம்பியிருப்பவர் தண்ணீரும் உரமும் ஊற்றி அதைக் கெடுத்துவிடுகிறார்.

வார்னாக்கின் எடையை மிஞ்ச 72 ஆண்டு ஆனது. டில் ஒரு ரகத்தை நிலைநிறுத்தப் பல பத்தாண்டுகள் உழைத்தார். பேட்டன் சகோதரர்கள் அரை நூற்றாண்டு காத்தார்கள். அந்தக் காலங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை, ஏப்ரல் மாதத்தில், அசையாமல் நிற்கும் ஒரு நாற்றின் முன் எடுத்த முடிவுகளால் ஆனவை. அந்த முடிவைக் கண்ணின் அவசரத்துக்கு விடாமல், வெப்பமானிக்கும் இலைத் தேதிக்கும் விட்டால், நல்ல விதைகள் வீணாகக் குப்பைக்குழிக்குப் போவது நிச்சயம் குறையும். பின்தங்கிய நாற்றுக்கு நாம் தர வேண்டியது சூடான மண், அளவான ஈரம், மூன்று வாரம். அதற்குமேல் கேட்கும் உரிமை அதற்கு இல்லை. அதற்குக் குறைவாகத் தரும் உரிமை நமக்கும் இல்லை.